மதுபோதையில் வாகனம் செலுத்தியோருக்கான கட்டாயத் திட்டம்: பாதியில் நிற்பது ஏன்?

மதுபோதையில் வாகனம் செலுத்தியமைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர், ஒன்ராறியோ மாகாணத்தில் தமது சாரதி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறுவதற்கு அபராதத்தைச் செலுத்தினால் மட்டும் போதாது. தடைக்காலம் முடியும்வரை பொறுத்திருந்தாலும் போதாது. மாகாணம் விதித்துள்ள மறுவாழ்வுத் திட்டத்தின் எல்லாக் கட்டங்களையும் அவர் முடித்திருத்தல் வேண்டும். ‘பாக் ஒன் ட்ராக்’ என்ற பெயரில் நடைபெறும் அத்திட்டத்தைப் பற்றி எமது போதைச் சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி கேட்கின்றார்கள். கேட்பவர் பெரும்பாலும் தண்டனை பெற்றவர் அல்லர். அவருடைய மனைவியோ மகளோ தமையனோ ஆவார். “கடிதம் வந்து நாலு மாதமாகிறது டொக்டர், அவர் இன்னும் பதியவேயில்லை” என்பதே பேச்சின் தொடக்கமாக இருக்கும்.

அக்குடும்பங்களுக்காகவே இதனை எழுதுகின்றோம். சட்டத்தைச் சுருக்கமாகவும் மருத்துவத்தைச் சற்று விரிவாகவும் சொல்லுவோம். சட்ட ஆலோசனை வேண்டுவோர் சட்டத்தரணியையே நாடுதல் வேண்டும்.

சட்டம் வேண்டுவது

கனடாவின் குற்றவியல் சட்டக்கோவைப்படி, குருதியின் 100 மில்லிலீற்றரில் மதுசாரம் 80 மில்லிகிராமாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வாகனம் செலுத்துதல் குற்றமாகும். அளவு அதனிலும் குறைவாக இருந்தாலும், செலுத்தும் திறன் மதுவால் பாதிக்கப்பட்டிருந்தால் அதுவும் குற்றமே. முதல் தடவை தண்டிக்கப்படுபவருக்குக் குறைந்தபட்ச அபராதம் 1,000 டொலர். மதுசார அளவு 120ஐ எட்டினால் அது 1,500 ஆகவும், 160ஐ எட்டினால் 2,000 ஆகவும் உயரும். இரண்டாம் தடவைக்குக் குறைந்தது 30 நாள் சிறை. மூன்றாம் தடவைக்கு 120 நாள். இவை யாவும் நாடு முழுவதற்குமான சட்டம். சாரதி அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைப்பது மாகாணத்தின் கையில் உள்ளது: முதல் தண்டனைக்கு 1 ஆண்டு, இரண்டாவதற்கு 3 ஆண்டுகள், மூன்றாவதற்கு வாழ்நாள் முழுவதும்.

இன்னும் குடியுரிமை பெறாது நிரந்தர வதிவிட உரிமையுடன் வாழ்பவர்களுக்கு ஒரு சொல். 2018 டிசம்பர் 18 முதல் இக்குற்றத்திற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது. அதன் விளைவாகக் குடிவரவுச் சட்டத்தில் இது பாரதூரமான குற்றங்களின் வரிசையிற் சேர்ந்துவிட்டது. வதிவிட உரிமையே கேள்விக்குள்ளாகலாம். இது எமது துறை அன்று. எனினும் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்னரே இதனை அறிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பேசாதவர்களை நாம் கண்டிருப்பதால் இங்கே குறிப்பிடுகின்றோம்.

திட்டத்திற்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது மதிப்பீடு. பயிற்சி பெற்ற ஒருவர் நேர்காணலாலும் வினாக்கொத்துக்களாலும் அவருடைய குடிப்பழக்கம் எந்நிலையில் உள்ளது என்று அறிகின்றார். அதன்படி 8 மணிநேரக் கல்விப் பட்டறைக்கோ 16 மணிநேரச் சிகிச்சைப் பட்டறைக்கோ அவர் அனுப்பப்படுவார். இஃது இரண்டாம் கட்டம். பட்டறை முடிந்து ஏறத்தாழ 6 மாதங்களின் பின்னர் தொடர் நேர்காணல் ஒன்று நடைபெறும். இந்த மூன்றாம் கட்டத்தைப் பலர் கணக்கில் எடுப்பதேயில்லை. ஓராண்டுத் தடை பெற்ற ஒருவர் ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்றெண்ணிப் பத்தாம் மாதத்தில் பதிவு செய்தால், தடைக்காலம் முடிந்த பின்னரும் பல மாதங்கள் அவர் பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டியிருக்கும். நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். முதல் தடவை தண்டிக்கப்பட்டவர்கள் சில நிபந்தனைகளின் கீழ், வாகனத்தில் இன்டர்லொக் கருவியைப் பொருத்திக்கொண்டு முன்கூட்டியே செலுத்தத் தொடங்கும் வழி ஒன்றும் உண்டு. அதற்கும் மதிப்பீட்டுக் கட்டம் முடிந்திருத்தல் அவசியம். ஆகவே எவ்வழியில் நோக்கினும் முதல் மாதத்திலேயே பதிவு செய்வதே அறிவுடைமை.

திட்டத்தை முடிக்காதவருடைய அனுமதிப்பத்திரம் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். ஆண்டுகள் கடந்தமையால் மட்டும் அது தானாக உயிர்பெறுவதில்லை. “பரவாயில்லை, மனைவி ஓட்டுகிறாள் தானே” என்று அமைந்திருப்பவரும் ஒரு பனிக்கால அதிகாலையில், மனைவி வேலைக்குப் போன பின்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சாவியைக் கையில் எடுத்துவிடுகின்றார். அவ்வாறு பிடிபட்டால் வாகனம் 45 நாட்களுக்குப் பறிமுதல் செய்யப்படும்; அது மனைவியின் பெயரில் உள்ள வாகனமாயினும் அவ்வாறே. அபராதமும் முன்னையதிலும் பெரிது. திட்டத்தை விட்டவர் வாகனத்தையும் விட்டுவிடுகின்றார் என்று எண்ணுவது நடைமுறைக்கு ஒத்ததன்று.

முடிக்காமைக்கான காரணங்கள்

பிடிவாதமும் பொறுப்பின்மையுமே காரணம் என்று குடும்பத்தவர் கருதுகின்றனர். எம்மிடம் வருபவர்களை வைத்துச் சொல்வதாயின், அக்காரணம் உண்மையாக இருப்பது சிலரில் மட்டுமே.

பணம் முதலாவது. திட்டத்திற்கான கட்டணத்தைப் பங்கேற்பவரே செலுத்த வேண்டும். அதற்கு முன்னரே சட்டத்தரணிக்கும் அபராதத்திற்கும் சேமிப்புக் கரைந்திருக்கும். வாகனமோட்டிப் பிழைத்தவராயின் வருமானமும் நின்றிருக்கும். பகுதி பகுதியாகச் செலுத்த வழியுண்டா என்று பதிவின்போதே கேட்கலாம், கேட்பதில் இழிவில்லை. அடுத்தது நேரம். இரவு முறையில் தொழிற்சாலையில் நிற்பவருக்கு ஒரு முழுநாளை ஒதுக்குவது எளிதன்று. காரணத்தை முகாமையாளரிடம் சொல்லவும் நா எழாது.

மொழியைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. முப்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, வேலைத்தலத்தில் ஆங்கிலத்தில் தாராளமாகப் பேசுகின்ற ஒருவர், தமது குடியைப் பற்றி அதே ஆங்கிலத்தில் ஒரு வட்டத்தில் அமர்ந்து பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கான சொற்கள் அவரிடம் தமிழில்கூட இல்லாதிருக்கலாம். மொழிபெயர்ப்பு உதவி கிடைக்குமா என்பதையும் பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லுதல் மட்டும் வேண்டாம். தந்தை வாரத்தில் எத்தனை போத்தல் குடிக்கின்றார் என்பதை அதிகாரி ஒருவருக்கு எடுத்துரைக்கும் சுமையைப் பிள்ளையின் தோளில் வைப்பது தகாது. தவிர, பிள்ளையின் முன்னிலையில் தந்தை உண்மை எண்ணிக்கையைச் சொல்லவும் மாட்டார்.

எண்ணிக்கை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் ஒரு ‘நிலையான அளவு’ மது என்பது 5 சதவீத பியர் 341 மில்லிலீற்றர், அல்லது 12 சதவீத வைன் 142 மில்லிலீற்றர், அல்லது 40 சதவீத விஸ்கி போன்றவற்றில் வெறும் 43 மில்லிலீற்றர். எமது பிறந்தநாள் விழாக்களிலும் சாமத்திய வீடுகளிலும் ஊற்றுகின்ற கை அளந்து ஊற்றுவதில்லை. “ரெண்டு கிளாஸ்தான் எடுத்தேன்” என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு கிளாஸில் ஐந்தோ ஆறோ நிலையான அளவுகள் இருந்திருக்கக் கூடும்.

வெட்கம் எல்லாவற்றிலும் வலியது. ‘நான் குடிகாரன் அல்லன், ஒருநாள் பிடிபட்டுவிட்டேன்’ என்ற எண்ணம் பலரையும் பட்டறையின் வாசலில் நிறுத்திவிடுகின்றது. சிலர் உண்மையிலேயே நோயாளிகள் அல்லர். அவர்களுக்கு 8 மணிநேரக் கல்வியே போதுமானதாகலாம். அதைப் பிரித்தறிவதற்குத்தான் மதிப்பீடு உள்ளது. மதிப்பீட்டுக்குச் செல்லுதல் ‘குடிகாரன்’ என்ற பட்டத்தை ஏற்றுக்கொள்வதாகாது என்பதைக் குடும்பத்தவர் எடுத்துச் சொல்லலாம்.

இறுதியாக நோய். மதுசாரத்தில் தங்கியிருக்கும் உடலுடையவர் திட்டத்தை முடிக்க முடியாமல் போவது அவருடைய குணத்தினால் அன்று. காலையில் கை நடுங்காமல் இருப்பதற்கே சிறிது குடிக்க வேண்டியவர், மது அருந்தாமல் வந்து நாள் முழுதும் அமர்ந்திருக்க வேண்டிய பட்டறைக்கு எவ்வாறு செல்வார்? திட்டம் யாருக்காக வகுக்கப்பட்டதோ அவர்களில் மிகவும் நோயுற்றவர்களே அதிலிருந்து முதலில் உதிர்ந்துவிடும் ஆபத்து இதனால் உண்டாகின்றது. இவ்விடத்தில்தான் மருத்துவமனையின் பணி தொடங்குகின்றது.

திடீரென நிறுத்தாதீர்கள்

மதிப்பீட்டுத் திகதி நெருங்கும்போது, ‘சுத்தமாகப் போக வேண்டும்’ என்று முதல்நாளே குடியை முற்றாக நிறுத்துபவர்கள் உண்டு. நோக்கம் நல்லது. ஆயினும் நாள்தோறும் அதிகம் குடித்துவந்தவருக்கு இது உயிராபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணிநேரத்திற்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, உறக்கமின்மை ஆகியன தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையான காலத்தில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் ஏறும். ‘பயத்தில் உளறுகிறார்’ என்றும், ‘நித்திரையில்லாததால் இப்படி’ என்றும் வீட்டில் வைத்திருந்து காலம் தாழ்த்திய பின்னர் அழைத்து வரப்படுபவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் நாம் பார்க்கின்றோம். வலிப்போ சித்தக் கலக்கமோ கண்டால் 911ஐ அழையுங்கள். முன்னர் ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், அடுத்த தடவை வீட்டில் நிறுத்த முயலவே வேண்டாம்.

மருத்துவக் கண்காணிப்பில் இதே விலகல் சில நாட்களில் பாதுகாப்பாக முடிந்துவிடும். நடுக்கத்தை அடக்க மருந்தும், மூளையைக் காக்கத் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் கொடுக்கின்றோம். அதன் பின்னர் குடிக்கும் வேட்கையைக் குறைக்க நல்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேற் ஆகிய மருந்துகள் உள்ளன. இவை போதை தருபவை அல்ல. ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையையும், அவர் வேறு எம்மருந்துகளை உட்கொள்கின்றார் என்பதையும் அறிந்து எது பொருந்தும் என்று தீர்மானிக்கின்றோம். ஒப்பியொயிட் வகை வலி மருந்து எடுப்பவருக்கு நல்ட்ரெக்சோன் ஆகாது. இத்தகைய மருந்துகள் இருப்பதே எம்மவரில் பலருக்குத் தெரியாது. குடிக்கு மருந்து மனவுறுதி மட்டுமே என்று நம்பிப் பத்தாண்டுகளை இழந்த குடும்பங்கள் உண்டு.

16 மணிநேரப் பட்டறை இச்சிகிச்சைக்கு மாற்றாகாது. இரண்டும் சேர்ந்தே நடைபெறலாம், நடைபெறவும் வேண்டும்.

முடித்தால் பயன் உண்டா?

‘காசைப் பிடுங்கும் வேலை’ என்று இத்திட்டங்களைப் பழிப்பவர்கள் உண்டு. கட்டாயத்தின் பேரில் வந்தவர் திருந்துவாரா என்பது நியாயமான கேள்விதான். 1995இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இவ்வகைத் திட்டங்கள் குறித்த 215 மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. திட்டங்களில் பங்குபற்றியோர் மீண்டும் மதுபோதையில் வாகனம் செலுத்துவது, பங்குபற்றாதோருடன் ஒப்பிடுகையில் சராசரியாக 7 முதல் 9 சதவீதம் குறைந்திருந்தது. இஃது அற்புதம் அன்று. எனினும் வீதியில் உயிர்களைப் பற்றிப் பேசும்போது இது சிறிய எண்ணும் அன்று. கல்வி, உளவளத்துணை, தொடர் கண்காணிப்பு ஆகியன சேர்ந்திருந்த திட்டங்களே கூடிய பயனைத் தந்தன. பலர் வீண் என்று கருதும் அந்த ஆறு மாதத்துக்குப் பிந்திய நேர்காணலுக்கு ஓர் அர்த்தம் உண்டு என்பது இதனாற் புலப்படும்.

ஒன்ராறியோத் திட்டத்தையே ரொறன்ரோவின் ‘காம்எச்’ நிறுவனத்து ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். மதிப்பீட்டில் எல்லைக் கோட்டுக்குச் சற்று மேலே நின்று 16 மணிநேரப் பட்டறைக்கு அனுப்பப்பட்டவர்கள், அக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்று 8 மணிநேரம் பெற்றவர்களைவிட, பின்னர் குடிக்கும் நாட்களைக் கூடுதலாகக் குறைத்திருந்தனர். நீண்ட பட்டறைக்கு அனுப்பப்பட்டதைத் தண்டனையாக எண்ணி மனம் நொந்தவர்கள் இதனை அறிந்துகொள்ளலாம்.

திட்டத்தை முடித்தவர்கள் முடிக்காதவர்களைவிட நன்றாக இருக்கின்றார்கள் என்று சொல்லப்படும்போது மட்டும் சற்று நிதானம் தேவை. முடிப்பவர்கள் வேலையும் குடும்பமும் உடையவர்களாக, முதலிலேயே ஓரளவு உறுதியான நிலையில் இருப்பவர்களாகவும் இருக்கக் கூடும். சான்றிதழ் எவரையும் குணப்படுத்துவதில்லை.

மருத்துவரிடம் உண்மை சொன்னால்?

‘உண்மையைச் சொன்னால் டொக்டரே லைசென்ஸைப் பறித்துவிடுவார்’ என்ற அச்சம் பரவலாக உள்ளது. அதற்கு ஓர் அடிப்படையும் உண்டு. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள ஒன்ராறியோ விதிகளின்படி, குறிப்பிட்ட சில நோய்நிலைகளை நாம் போக்குவரத்து அமைச்சுக்குக் கட்டாயமாக அறிவித்தல் வேண்டும். அவற்றுள் மது உட்பட்ட பொருட்பாவனைக் கோளாறும் ஒன்று. ஆனால் விதியின் சொற்களைக் கவனியுங்கள்: கோளாறு கட்டுப்பாட்டில் இல்லாதிருக்க வேண்டும், அத்துடன் அந்நபர் சிகிச்சை ஆலோசனையைப் பின்பற்றாதவராகவும் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு வந்து, சொன்னபடி மருந்தெடுத்து, குறித்த நாளில் திரும்பி வருபவரை இக்கட்டாயம் குறிவைக்கவில்லை. பிறருக்கு ஆபத்து என்று கருதினால் அறிவிக்கும் தற்றுணிபு மருத்துவருக்கு உண்டு என்பதையும் மறைக்கப்போவதில்லை. அவ்வாறு அறிவிக்க நேர்ந்தால் அதனை நோயாளியிடம் சொல்லிவிட்டே செய்ய முயல்கின்றோம். ஒளித்து வைத்த நோய் விலகல் வலிப்பாகவோ விபத்தாகவோ வெளிப்படும்போது நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இன்டர்லொக்கும் மறுநாட் காலையும்

அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைத்த பின்னரும், முதல் தண்டனை பெற்றவருக்குப் பொதுவாக ஓராண்டு இன்டர்லொக் நிபந்தனை இருக்கும். கருவிக்குள் ஊதி, மதுசாரம் 20 மில்லிகிராமுக்குக் குறைவு என்று அது அறிந்தாலே இயந்திரம் உயிர்பெறும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். அந்த வாகனத்தைப் பாவிக்கும் மனைவியும் மகனும்கூட ஊத வேண்டும்.

இதில் இடறுபவர்களுள் பலர் குடித்துக்கொண்டே சாவியைத் திருகியவர்கள் அல்லர். முதல்நாள் இரவு குடித்தவர்கள். உடல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே மதுசாரத்தை அகற்றுகின்றது. நள்ளிரவில் 160 இருந்தவருக்குக் காலை 7 மணிக்கு இன்னும் 55 இருக்கும். 20ஐத் தொட ஒன்பது மணி கடந்துவிடும். கோப்பியோ தேசிக்காய்த் தண்ணீரோ குளிர்ந்த நீர்க் குளிப்போ இக்கணக்கை மாற்றுவதில்லை. ஈரல் அவசரப்படாது.

குடும்பத்தவர் செய்யக்கூடியவை குறித்து எம்மிடம் பெரிய உபதேசம் எதுவும் இல்லை. பதிவுப் படிவத்தை அவர் மது அருந்தாத ஒரு மாலையில் சேர்ந்திருந்து நிரப்புங்கள். வெறியில் இருக்கும்போது தர்க்கம் வேண்டாம். மூன்று திகதிகளையும் சமையலறை நாட்காட்டியில் எழுதுங்கள். பட்டறைக்கு அழைத்துச் சென்று விட யாரேனும் முன்வந்தால் பாதித் தடை நீங்கும். அவருக்காகப் பொய் சொல்லி வேலைத்தலத்திற்குத் தொலைபேசி எடுப்பதை மெல்ல நிறுத்துங்கள். அதனால் வீட்டில் சினம் மூளலாம். அடிதடியாக மாறும் அச்சம் இருந்தால் அதை முதலில் எம்மிடம் சொல்லுங்கள், ஏனையவற்றைப் பின்னர் பார்க்கலாம். அவர் வர மறுத்தாலும் நீங்கள் தனியே வந்து பேச முடியும்.

போதைச் சிகிச்சைக்குக் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே செல்லக்கூடிய ‘ராம்’ கிளினிக்குகள் ஒன்ராறியோவின் பல நகரங்களில் உள்ளன. அண்மையில் எது உண்டு என்பதை 24 மணிநேரமும் இயங்கும் கொனெக்ஸ் ஒன்ராறியோ சேவையில், 1-866-531-2600 என்ற இலக்கத்தில், இலவசமாகக் கேட்டறியலாம். எமது பிரிவுக்கு வருவதாயின், நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூறுங்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்து வாருங்கள். அமைச்சிலிருந்து வந்த கடிதம் இருந்தால் அதனையும் கொண்டு வாருங்கள். வருவதற்கு முதல்நாள் குடியைத் திடீரென நிறுத்த வேண்டாம். எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதைச் சொன்னால் எமக்குப் போதும்.